புதுக்கிய எஞ்சினும் கைப்பிழையும்

பிரித்துப் புதுக்கிய எஞ்சின் இயங்க மறுக்குங்கால் முதற்கண் பழிக்கப்படுவது கார்புரேட்டரே. அது வெளியே இருப்பது, கழற்றுதற்கு எளியது, ஏச்சுக்கு எதிர்மொழி கூறாதது. இவ்வழக்கம் தவறென்பதே எம் கருத்து.

எம் விடுதித் தோழர் ஒருவர், மறைந்த தந்தையார் விட்டுச்சென்ற யமஹா ஆர்.எக்ஸ். 100 வண்டியை நகரத்துப் பட்டறை ஒன்றிற் கொடுத்து, சிலிண்டரைக் கடைவித்து, பிஸ்டன், வளையம், ஆயில் சீல் யாவும் புதியன இடுவித்தார். 1985 முதல் 1996 வரை இந்தியாவிற் செய்யப்பெற்ற அவ்வகை வண்டிகள் இன்றும் ஓடுகின்றன. இவர்தம் வண்டியோ உருட்டப்பட்டே விடுதி சேர்ந்தது. கார்புரேட்டரை மாற்றுக, இன்றேல் பழைய இரும்புக்கு விற்றுவிடுக என்றனராம் பட்டறையார். தந்தையின் கைபட்டுத் தேய்ந்த பிடியைத் தராசில் ஏற்ற அவர் உடன்பட்டிலர்.

உதைத்து உதைத்துக் கால் வீங்கிய பின்னரே யாம் சிந்திக்கத் தொடங்கினோம். பிளக்கைக் கழற்றிப் பார்த்தோம். நீலப்பொறி நன்றாகவே பறந்தது. கார்புரேட்டர்க் கிண்ணத்தில் பெட்ரோல் நிறைந்திருந்தது. ஆயினும் இருபது முறை உதைத்த பின்னும் பிளக் முனை உலர்ந்தே கிடந்தது. பிளக் துளையிற் சில துளி பெட்ரோல் விட்டு உதைத்தோம். இருமுறை வெடித்து அடங்கிற்று. ஆகவே பொறியிலும் அழுத்தத்திலும் குறையில்லை, கலவைதான் மேலேறவில்லை.

இருவீச்சு எஞ்சினில் கிராங்க் அறையே காற்றுப்பம்பு. பிஸ்டன் மேலேறுங்கால் அவ்வறை கலவையை உள்ளிழுக்கும்; இறங்குங்கால் பக்கவழிகளால் சிலிண்டருக்குள் தள்ளும். அறையிற் கசிவிருப்பின் இழுப்பேது? உட்புகுவழியையும் புகைவழியையும் ரப்பரால் அடைத்து, சதுர அங்குலத்திற்கு 6 பவுண்டு அளவே காற்றேற்றி, காந்தச் சக்கரத்தைக் கழற்றிச் சோப்புநீர் தடவினோம். குமிழிகள் பொங்கின! அப்பக்கத்து ஆயில் சீல் கிரீஸின்றி உலரவே புகுத்தப்பட்டு, உதடு மடிந்து, உள்வளையக் கம்பிச்சுருள் நழுவிக் கிடந்தது.

ஏடு பெயர்த்தெழுதுவோர் கைப்பிழையை யாம் நாள்தோறும் வகுப்பிற் காண்கின்றோம். மூலத்தில் இல்லாத பிழை படியில் உளதாயின் ஐயுறத்தக்கது எழுதினவன் கையே அன்றோ? பிரிக்குமுன் ஓடிய எஞ்சினுக்கும் அதுவே முறை. பிஸ்டன்மேல் அம்புக்குறி புகைவழியை நோக்குகின்றதா, வளைய முனைகள் தத்தம் முளையிற் பொருந்தினவா, காந்தச் சக்கரத்தின் சாவி விலகிப் பொறி காலம் பிறழ்ந்ததா என, கைபட்ட இடங்களையே முன்னர் ஆராய்தல் வேண்டும். கைபடாத கார்புரேட்டர் பின்னரே வருக.

கசிவுச் சோதனையின்றி வண்டியைத் திருப்பித் தருதல் கூடாதென்போம். பட்டறையாரை முற்றும் பழித்தற்குமில்லை. அச்சோதனைக்குச் செல்லும் நேரத்திற்குக் கூலி கொடுப்பார் எத்துணைப் பேர்?

புதிய சீல் இட்டு மூன்றாம் உதையில் வண்டி முழங்கிற்று. முற்றம் முழுதும் நீலப்புகை. விடுதிக் காப்பாளர் சாளரத்தைத் திறந்து ஏதோ கூறினார்; அவ்வொலியில் எம் செவிக்கு எட்டவில்லை.