கொடுப்பினை என்றொரு சொல்

எங்கள் கல்லூரியில் இளங்கலை படித்து முடித்த மாணவன் ஒருவன், திருவொற்றியூர்க் கடற்கரையை ஒட்டிய குப்பம் ஒன்றைச் சேர்ந்தவன், சென்ற முறை காவலர் தேர்வுக்காக ஆறு மாதம் ஓடினான். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கத் தொடங்குவதற்கு முன், விடியற்காலை நாலரை மணிக்கு, அலைதடுப்புக் கற்களை ஒட்டி அவன் ஓடுவதை நடைப்பயிற்சிக்குப் போகும் நாட்களில் பார்த்திருக்கிறேன். தேர்வு விதிப்படி 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும். அவன் ஐந்தரை நிமிடத்துக்கும் குறைவாக ஓடிக்கொண்டிருந்தான். எழுத்துத் தேர்வில் தேறிவிட்டான். உடல்தகுதித் தேர்வுக்கு நான்கு நாள் முன்பு டெங்குக் காய்ச்சலில் படுத்தான். அவனைப் பார்க்க வீட்டுக்குப் போயிருந்தபோது வலை பின்னிக்கொண்டிருந்த அவன் தகப்பனார் தலை நிமிராமல் சொன்னார்: "அவனுக்குக் கொடுப்பன இல்ல சார். அவ்ளோதான்."

அந்தச் சொல்லை நான் அப்போது மறுக்கவில்லை. காய்ச்சலுக்கு யாரைக் குற்றம் சொல்வது? ஆனால் வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தச் சொல் உறுத்திக்கொண்டே வந்தது. காரணம், அதே சொல்லைப் பல ஆண்டுகளுக்கு முன் வேறொரு ஓட்டக்காரரைப் பற்றி எங்கள் ஆசிரியர் அறையில் சொல்லக் கேட்டிருக்கிறேன். அன்று அதை மறுத்திருக்க வேண்டும். மறுக்கவில்லை. அந்தக் கடனைத் தீர்க்கவே இக்கட்டுரை.

முதலில் ஓட்டத்தைப் பற்றி. நான் விளையாட்டு வீரன் அல்லன், பார்வையாளன் மட்டுமே. ஆயினும் நெடுங்காலமாகத் தடகளத்தைப் பின்தொடர்பவன் என்ற முறையில் எனக்கு ஒரு கருத்து உண்டு: அதிர்ஷ்டத்துக்கு மிக அதிகமாக இடம் கொடுக்கும் ஓட்டம் நடுத்தொலைவு ஓட்டம்தான். நூறு மீட்டரில் ஒவ்வொருவருக்கும் தனித் தடம். பக்கத்தில் ஓடுபவர் உங்கள் வழியில் குறுக்கிட முடியாது. மாரத்தானில் ஒரு தவற்றைத் திருத்திக்கொள்ள இரண்டு மணி நேரம் இருக்கிறது. 800 மீட்டரில் முதல் வளைவு முடிந்ததும் தடங்கள் ஒன்றாகிவிடுகின்றன. எட்டுப் பேரும் உள்கோட்டை நோக்கிப் பாய்கிறார்கள். முழங்கை படும், ஆணிக்காலணி கிழிக்கும், நடுவில் சிக்கிக்கொண்டால் வெளியே வர வழி இராது. யாரோ ஒருவர் முதல் சுற்றை மெதுவாக்கினால் ஒருவகை ஓட்டக்காரருக்கு லாபம், விரைவாக்கினால் இன்னொரு வகையினருக்கு லாபம். அந்த முடிவு உங்கள் கையில் இல்லை. இரண்டு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும், அடுத்த ஒலிம்பிக்கோ நான்கு ஆண்டு தள்ளி.

1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ராஜஸ்தானைச் சேர்ந்த இராணுவ வீரர் ஸ்ரீராம் சிங் 800 மீட்டர் இறுதிப் போட்டியில் முதல் சுற்றை 50.85 விநாடியில் முன்னின்று ஓடினார். அந்த வேகத்தைப் பயன்படுத்திக்கொண்டு கியூபாவின் ஹுவான்டொரேனா 1:43.50 என்ற புதிய உலக சாதனையுடன் தங்கம் வென்றார். ஸ்ரீராம் சிங் ஓடிய நேரம் 1:45.77, கிடைத்தது ஏழாம் இடம். அந்த நேரத்தை இன்னோர் இந்தியர் முந்துவதற்கு 42 ஆண்டுகள் ஆயின (2018இல் ஜின்சன் ஜான்சன்). ஓர் இந்தியத் தலைமுறையே எட்ட முடியாத ஓட்டத்தை ஓடிவிட்டு ஏழாவதாக வந்தவர் அவர். அதே மான்ட்ரியலுக்குக் கென்யாவின் மைக் பாய்ட் வரவே இல்லை. 1972இல் மியூனிக்கில் வெண்கலம் வென்றவர். ஆப்பிரிக்க நாடுகளின் புறக்கணிப்பால் 1976 போயிற்று, மாஸ்கோ புறக்கணிப்பால் 1980 போயிற்று. இரண்டு முறையும் அவர் வீட்டில் இருந்ததற்கும் அவர் கால்களுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

டென்மார்க்குக்காக ஓடிய வில்சன் கிப்கேட்டரின் கதை இன்னும் விசித்திரமானது. 1995இல் உலக சாம்பியன். குடியுரிமை முழுமையாகக் கைக்கு வராததால் 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் ஓட முடியவில்லை. மறு ஆண்டே, செபாஸ்டியன் கோ 1981இல் படைத்த உலக சாதனையை உடைத்து 1:41.11 வரை கொண்டுபோனார். ஆக, எந்த ஒலிம்பிக்கில் அவரை யாராலும் தொட்டிருக்க முடியாதோ அந்த ஒலிம்பிக்கில் அவர் இல்லை. 2000இல் சிட்னியில் 0.06 விநாடியில் தங்கத்தை இழந்தார், 2004இல் வெண்கலம். மொராக்கோவின் எல் குவெருஜ் 1996இல் கடைசிச் சுற்று தொடங்கும் வேளையில் தடுக்கி விழுந்தார், 2000இல் இரண்டாவதாக வந்தார், 2004இல் ஏதென்சில் 1500, 5000 இரண்டிலும் தங்கம் வென்றார். ஒருவருக்குக் காலம் மூன்றாம் முறை கதவைத் திறந்தது. மற்றவருக்குத் திறக்கவில்லை. இருவரில் எவர் பெரிய ஓட்டக்காரர் என்று என்னைக் கேட்டால் பதில் சொல்லத் தெரியாது.

இவையெல்லாம் நாம் வழக்கமாகப் பேசும் அதிர்ஷ்டம். இங்கே ஒரு கோடு போட்டுக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். எல் குவெருஜ் விழுந்தது விபத்து. கிப்கேட்டர் ஓடாமல் போனது விபத்தன்று. ஒரு விதி, அதை நடைமுறைப்படுத்திய சில மனிதர்கள், ஒரு தேதி. வெளியிலிருந்து பார்க்கும்போது இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும், ஏனெனில் இரண்டிலும் இழந்தவர் வெறுங்கையோடு நிற்கிறார். நம் மொழியில் இரண்டுக்கும் கொடுப்பினை என்ற ஒரே சொல் போதுமானதாக இருக்கிறது. அங்கேதான் எனக்குச் சிக்கல்.

சாந்தி சௌந்தரராஜனைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன். புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சி. பெற்றோர் செங்கல் சூளைத் தொழிலாளர்கள். 2005இல் தென்கொரியாவின் இஞ்சியானில் நடந்த ஆசியத் தடகளத்தில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டில் மீண்டும் வெள்ளி: 2:03.16. கசகஸ்தானின் விக்டோரியா யலோவ்த்சேவாவை அவர் முந்தியது 0.03 விநாடியில். கோட்டைக் கடந்ததும் அந்த வெற்றி உறுதியாகத் தெரிந்திராது; அத்தனை நெருக்கம். சில நாட்களில் பாலினச் சோதனையில் அவர் தேறவில்லை என்ற செய்தி வெளியானது. பதக்கம் பறிக்கப்பட்டது. தன் உடலைப் பற்றிய ஒரு மருத்துவச் செய்தியை அவர் புரிந்துகொள்ள அவகாசம் கிடைப்பதற்கு முன்பே நாடு முழுவதும் அதைப் படித்துவிட்டது. அடுத்த ஆண்டு உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று காப்பாற்றப்பட்டார். தமிழக அரசு அப்போது வழங்கிய 15 லட்ச ரூபாயிலிருந்து புதுக்கோட்டையில் ஏழைப் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி தரத் தொடங்கினார் என்பதையும் சொல்ல வேண்டும். பின்னர் அதுவும் தொடர முடியாமல், 2012இல் அவர் செங்கல் சூளையில் கூலி வேலை செய்யும் படம் செய்தித்தாள்களில் வந்தது.

அந்தப் படம் வந்த நாளில்தான் எங்கள் ஆசிரியர் அறையில் மூத்த பேராசிரியர் ஒருவர், நல்ல மனிதர், பெருமூச்சோடு சொன்னார்: "கொடுப்பினை இல்லாத பெண்." நாங்கள் எல்லோரும் தலையசைத்தோம். நானும்தான்.

இப்போது ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்க்கிறேன். எல்லா வீராங்கனைகளுக்கும் கட்டாயமாக இருந்த குரோமோசோம் சோதனையை ஒலிம்பிக் குழு 1999இல் கைவிட்டது. அதன்பின் ஐயம் எழும்போது மட்டும் சோதனை. யார் ஐயப்படலாம், முடிவை யாருக்குச் சொல்லலாம் என்பதற்கெல்லாம் தெளிவான வரையறை இராத அந்த இடைவெளியில் சாந்தி ஓடினார். மூன்றே ஆண்டுகள் கழித்து, 2009இல் பெர்லினில், தென்னாப்பிரிக்காவின் காஸ்டர் செமன்யா அதே 800 மீட்டரை 1:55.45இல் வென்றார்; அதே கேள்வி எழுந்தது. ஆனால் செமன்யாவின் நாடு எழுந்து நின்றது. 2010 ஜூலையில் அவர் மீண்டும் ஓட அனுமதிக்கப்பட்டார். தங்கமும் அவரிடமே இருந்தது. 2014இல் ஒடிசாவின் டூட்டி சந்த் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டிக்கு முன் நீக்கப்பட்டார். அவர் லொசானில் உள்ள விளையாட்டு நடுவர் தீர்ப்பாயத்துக்குப் போனார், இந்திய விளையாட்டு ஆணையம் துணை நின்றது, 2015 ஜூலையில் அந்த விதியே நிறுத்திவைக்கப்பட்டது. 2016இல் டூட்டி ரியோவில் ஓடினார். அதே 2016இல்தான் சாந்திக்குத் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் நிரந்தரமாகப் பயிற்சியாளர் பணி கிடைத்தது.

இன்னொன்றையும் கவனியுங்கள். 2018இல் உலகத் தடகள அமைப்பு புதிய விதி கொண்டுவந்தபோது அது 400 மீட்டர் முதல் ஒரு மைல் வரையான ஓட்டங்களுக்கு மட்டும் என்று வகுத்தது. நூறும் இருநூறும் ஓடிய டூட்டிக்குத் தடையில்லை; 800 ஓடிய செமன்யாவுக்குத் தடை. 2019இல் அவருடைய முறையீடு தள்ளுபடியானது. 2023இல் விதி எல்லா ஓட்டங்களுக்கும் விரிந்தது. 2025 செப்டம்பரிலிருந்து பெண்கள் பிரிவில் உலகத் தரவரிசைப் போட்டிகளில் ஓட விரும்பும் எல்லோருக்கும் மரபணுச் சோதனை. 1999இல் கைவிட்ட இடத்துக்குச் சுற்றி வந்து சேர்ந்திருக்கிறார்கள். கால் நூற்றாண்டில் விதி இத்தனை முறை மாறியிருக்கிறது. எந்த ஆண்டில் பிறந்தீர்கள், எத்தனை மீட்டர் ஓடுகிறீர்கள், எந்த நாட்டின் சீருடையில் ஓடுகிறீர்கள் என்பதைப் பொறுத்து நீங்கள் வீராங்கனை, அல்லது வீராங்கனை அல்லர்.

எதிர்த்தரப்பில் நியாயம் இல்லை என்று நான் சொல்லவில்லை. இதை வகுப்பில் பேசியபோது ஒரு மாணவி எழுந்து, "அந்த 0.03 விநாடியில் பின்தங்கிய பெண்ணும் உழைத்துத்தானே வந்திருப்பார், சார்?" என்று கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். பெண்கள் பிரிவு என்று ஒன்று இருக்கும் வரை அதன் எல்லையை எங்கோ வரைந்தாக வேண்டும். எங்கே வரைவது என்பதில் அறிவியலாளர்களே இன்னும் சண்டையிட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்தச் சண்டையில் தீர்ப்புச் சொல்லும் தகுதி ஒரு தமிழாசிரியனுக்கு இல்லை. எல்லையை முன்கூட்டியே அறிவிப்பது, சோதனையை அந்தரங்கமாக நடத்துவது, முடிவை உரியவரிடம் முதலில் சொல்வது, முறையிட வழி காட்டுவது: இவற்றுக்கு அறிவியல் தேவையில்லை. சாந்தி ஊக்கமருந்து எடுத்தவர் அல்லர். பிறந்தபடி வந்து ஓடியவர். (அதே தோஹாவில் 2019இல் 800 மீட்டர் தங்கம் வென்ற திருச்சி கோமதி மாரிமுத்துவின் பதக்கமும் பின்னர் பறிக்கப்பட்டது, அது ஊக்கமருந்து வழக்கு. இரண்டையும் ஒரே மூச்சில் பேசுவோரைக் கேட்டிருக்கிறேன்.)

வள்ளுவர் ஊழுக்கு ஓர் இயலையே ஒதுக்கினார், அதில் ஓர் அதிகாரம் மட்டுமே வைத்தார். அறத்துப்பாலின் கடைசியில், முப்பத்தெட்டாவதாக அது நிற்கிறது. பொருட்பாலுக்குள் போனால் நாற்பத்தொன்பதாவது காலமறிதல், அறுபத்திரண்டாவது ஆள்வினையுடைமை. இந்த அடுக்கை ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறேன். ஊழ் பெரிது என்று சொன்னவரே முயற்சியைப் பற்றிப் பேசுகையில் அதை எதிர்த்து நிற்கவும் சொல்வது முரண்பாடாகாதா என்று மாணவர்கள் கேட்பார்கள். உரையாசிரியர்களின் சமாதானங்களை ஒப்பிப்பேன். இப்போது எனக்கு வேறொன்று படுகிறது. காலமறிதல் அரசனுக்குச் சொன்னது, அதிகாரத்தில் இருப்பவன் அறிய வேண்டியது. ஓடுகிறவள் தன் காலத்தைத் தேர்ந்தெடுக்க முடியாது. அவளுக்கான காலத்தை அமைத்துக்கொடுக்க வேண்டியவர்கள் செய்யத் தவறியதை அவள் ஊழின் கணக்கில் எழுதிவைப்பது, முப்பத்தெட்டாம் அதிகாரத்தை மட்டும் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடுவது போன்றது. பேய்க்கரும்பு இனிக்கும் வரை ஊர் ஊராகத் திரிந்து, அது இனித்த இடத்திலேயே தங்கிவிட்ட பட்டினத்தாரின் சமாதி எங்கள் ஊரில்தான் இருக்கிறது. துறவிக்கு அப்படிக் காத்திருக்க முடியும். 800 மீட்டர் ஓட்டக்காரருக்கு நல்ல ஆண்டுகள் ஆறோ ஏழோதான். 2006இல் சாந்திக்கு வயது 25. டூட்டியின் தீர்ப்பு வந்தபோது 34.

அந்த வெள்ளிப் பதக்கத்தைத் திருப்பித் தரக் கோருவதற்கு இன்றைய விதிகள் துணைநில்லா என்பது தெரியும். ஆயினும் 2006இல் நடந்த முறை தவறு என்று ஒப்புக்கொள்ள எந்த விதியும் தடையில்லை. அவருக்குப் பணி கொடுத்தது உதவி. ஒப்புக்கொள்வது வேறு. அதை நம் தடகள நிர்வாகம் எழுத்தில் செய்ய வேண்டும், அவர் பயிற்சியாளராக மைதானத்தில் நிற்கும்போதே செய்ய வேண்டும் என்பது என் கருத்து. அந்த மூத்த பேராசிரியர் ஓய்வு பெற்றுவிட்டார். போன மாதம் வடிவுடையம்மன் கோயில் வாசலில் பார்த்தபோது இதையெல்லாம் சொன்னேன். சற்று யோசித்துவிட்டு, "நான் அனுதாபத்தில் சொன்னது" என்றார். உண்மைதான், அனுதாபத்தில்தான் சொன்னார்.

என் மாணவன் இரண்டு வாரமாக மறுபடி ஓடுகிறான். காய்ச்சலுக்குப் பின் எடை குறைந்து, 1500 மீட்டருக்கு ஆறரை நிமிடம் ஆகிறது என்றான். வயது வரம்புக்கு இன்னும் இரண்டு ஆண்டு இருக்கிறது. அடுத்த அறிவிப்பு எப்போது வரும் என்று என்னைக் கேட்டான்.