வெளியே தள்ளும் கதவுக்குப் பெயர் நெகிழ்வு

தென்னேரியில் எங்கள் காலனிப் பெண் ஒருத்தி முதலாண்டோடு கல்லூரியை விட்டுவிட்டு ஒரகடம் பக்கம் ஷிப்ட் வேலைக்குப் போகிறாள். படிப்பு கசக்கவில்லை, வீட்டுக் கடன் நெருக்கியது. நேற்றுவரை இதன் பெயர் இடைநிற்றல். தேசியக் கல்விக் கொள்கை 2020 இதற்கு வைத்த பெயர் நெகிழ்வுத்தன்மை.

ஓராண்டில் வெளியேறினால் சான்றிதழ், இரண்டில் டிப்ளமோ, மூன்றில் பட்டம், நான்கில் ஹானர்ஸ். சேர்த்த கிரெடிட்டுகள் 2021இல் யுஜிசி கொண்டுவந்த கிரெடிட் வங்கியில் 7 ஆண்டுவரை செல்லுபடியாகும். திரும்பி வந்து தொடரலாமாம். வங்கியில் கிரெடிட் இருக்கும், கையில் பஸ் காசு இருக்குமா? அவள் சம்பளத்தை நம்பியிருக்கும் வீட்டுக்கு யார் சோறு போடுவது?

யார் முதலாண்டில் இறங்குவார், யார் நான்காண்டும் இருப்பார் என்பதைச் சாதியும் நிலமும்தான் தீர்மானிக்கும். அரசின் தோல்வி இனி அவளுடைய 'விருப்பம்' ஆகிவிடும். 1953இல் ராஜாஜி அரைநாள் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில் என்றார். போராடித்தான் 1954இல் அதை ஒழித்தோம்.

இன்று ஆய்வு மாணவனாக இருக்கும் நானும் முதலாண்டில் அதே வாசலில் நின்றவன். அன்று ஒரு சான்றிதழை நீட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பேன்.

நெகிழ்வு வேண்டாமென்று சொல்லவில்லை. திரும்பி வருபவளுக்கு உதவித்தொகையும் விடுதியும் உரிமையாகட்டும். அதன்பிறகு திறங்கள் கதவை.