ஏர்ல் கேம்பெல்லின் ஓட்டமும் நடையும்



ஹூஸ்டனில் அறுபது வயதைத் தாண்டிய எவரிடமாவது ஏர்ல் கேம்பெல் என்று சொல்லிப் பாருங்கள், முகம் மலர்ந்துவிடும். நம் சபையில் நர்ஸ் வேலை பார்க்கும் நாங்கள் இதை வார்டில் அடிக்கடி காண்கிறோம். முழங்கால் அறுவைக்குப் பின் கட்டிலை விட்டு அசைய மறுக்கும் பெரியவர்கூட, 1978 நவம்பர் 20 இரவு மயாமி அணியுடன் நடந்த ஆட்டத்தைச் சொல்வதற்காக எழுந்து உட்கார்ந்துவிடுவார். அன்று கேம்பெல் ஓடியது 199 யார்டு, எடுத்தது 4 டச் டவுன். எல்லாரும் களைத்துப்போன கடைசிக் கட்டத்தில், ஓரக்கோட்டை ஒட்டி 81 யார்டு தனியாக ஓடி முடித்தார். ஆயிலர்ஸ் 35–30 என்று ஜெயித்தது. அந்த அணி 1997-ல் டென்னசிக்குப் போய்விட்டது. கதை இங்கேயே இருக்கிறது.

நம் பெற்றோரில் பலர் அப்போது இந்த நாட்டுக்கே வரவில்லை. ஆனாலும் அவர் வாழ்க்கை நமக்கு அந்நியமாகத் தோன்றாது. டைலர் ஊரில் ரோஜாத் தோட்ட வேலை, வீட்டில் 11 பிள்ளைகள், ஏர்லுக்கு 11 வயதிலேயே தகப்பனார் மரணம். பெரிய அணியில் சேர்ந்ததும் கிடைத்த பணத்தில் அம்மாவுக்கு வீடு கட்டிக் கொடுத்தார்.

இப்படிப்பட்டவரை நேசிப்பதில் தவறில்லை. ஆனால் அவரிடம் எதைப் புகழ்கிறோம் என்பதுதான் எங்களை உறுத்துகிறது. “ஒதுங்கவே மாட்டார், இடித்துத் தள்ளிக்கொண்டே போவார்” என்பார்கள். 1980-ல் மட்டும் 373 முறை பந்தை வாங்கி ஓடி 1,934 யார்டு எடுத்தார். அந்த ஓட்டங்களில் பெரும்பாலானவை எப்படி முடிந்திருக்கும்? இரண்டு மூன்று பேர் மேலே வந்து விழுந்துதான். எட்டு சீசனில் 2,187 ஓட்டம். 31 வயதில் விளையாட்டை விட்டார்.

பின்பு முதுகுத் தண்டில் நரம்பு செல்லும் பாதை குறுகிப்போனது. வாக்கரும் சக்கர நாற்காலியும் வந்தன. வலி மாத்திரைக்கும் மதுவுக்கும் அடிமையாகி, 2009-ல் மகன்கள் வற்புறுத்தியதால் சிகிச்சைக்குப் போனார். வலி மாத்திரை அப்படித்தான்: உடல் பழகப் பழக, நேற்று ஒன்று செய்த வேலைக்கு இன்று இரண்டு தேவைப்படும். திடீர்ப் பயம் வந்து நெஞ்சு படபடக்கும் நோயும் அவருக்கு இருந்தது. அதை மறைக்காமல் 1999-ல் புத்தகமாகவே எழுதினார். எங்களைக் கேட்டால், அந்த 81 யார்டைவிட இதற்குத்தான் அதிகத் துணிச்சல் வேண்டும். ஆனால் பழைய கதை பேசுகிறவர்கள் இந்த இடத்தில் பேச்சை மாற்றிவிடுகிறார்கள்.

பெனியேலில் யாக்கோபு ஆசீர்வாதம் பெற்றதோடு வேதம் நிறுத்திக்கொள்ளவில்லை. தொடை சுளுக்கி அவன் நொண்டி நடந்ததையும் சொல்கிறது. அதன் நிமித்தம் அவன் சந்ததியார் அந்தத் தொடை நரம்பைச் சாப்பிடுவதில்லை என்றும் எழுதியிருக்கிறது. தகப்பனுடைய நொண்டலை அவர்கள் சாப்பாட்டு வேளையிலும் மறக்கவில்லை.

நம் வீடுகளில் எப்படி? “என் பையன் வலிக்குது என்று வாயே திறக்க மாட்டான்” என்று பெருமையாகச் சொல்கிறோம். வேலைப் பளுவில் தூக்கமிழந்தவரை “நல்ல பொறுமைசாலி” என்று சாட்சி சொல்கிறோம். ஆயிலர்ஸ் ரசிகர்களுக்கும் நமக்கும் அதிக வித்தியாசம் இல்லை.

இப்போது நம் பிள்ளைகளில் சிலர் பள்ளி அணியில் விளையாடுகிறார்கள். தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி என்று சந்தேகம் வந்தால், அந்த மாணவனை உடனே வெளியே எடுக்க வேண்டும், டாக்டர் எழுத்தில் அனுமதி தராமல் திரும்ப இறக்கக் கூடாது என்று டெக்சாஸில் 2011-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் தலைவலியை மறைக்கிற பையனை எந்தச் சட்டமும் கண்டுபிடிக்காது. அடிபட்டபின் தலைவலி, வாந்தி, வெளிச்சம் கூசுதல், படித்தது மனதில் நிற்காமை ஏதாவது இருந்தால் அன்றைக்கே சொல்லுங்கள். தலைவலி கூடிக்கொண்டே போனாலோ, திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, எழுப்பியும் சரியாக விழிக்காவிட்டாலோ காத்திருக்காமல் 911 கூப்பிடுங்கள். கோச்சிடம் சொன்னால் இடம் போய்விடும், அப்பாவிடம் சொன்னால் திட்டு விழும் என்று பயமாக இருந்தால் அக்காமார் எங்களுக்குப் போன் பண்ணுங்கள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் காபி மேசைப் பக்கத்தில்தான் நிற்போம்.