ஸ்டேடியம் திறந்தது 2012-ல், கடன் முடிவது 2113-ல்: பெர்க்லி பல்கலைக்கழகம் மாட்டிக்கொண்டது எப்படி?

வீட்டுக் கடன் வாங்கப் போனால் 20 வருஷமா, 30 வருஷமா என்று நாலு பேரைக் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்து போடுவோம். அமெரிக்காவின் முன்னணி அரசுப் பல்கலைக்கழகமான கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகம், தன் ஃபுட்பால் ஸ்டேடியத்துக்காகக் கடன் வாங்கியது. அதன் கடைசித் தவணை எப்போது தெரியுமா? 2113-ம் ஆண்டு.

கடன் சுமார் 44.5 கோடி டாலர். நம்ம கணக்கில் ஏறக்குறைய 4,000 கோடி ரூபாய். நோபல் பரிசு பெற்ற பேராசிரியர்களுக்குப் பேர் போன ஒரு பல்கலைக்கழகம் இந்தக் கணக்கில் எப்படிச் சறுக்கியது? 2025-ல் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் நடந்த மாற்றம் இந்தக் கடனை ஏன் இன்னும் கசப்பாக்குகிறது? பார்ப்போம்.

முதலில், இது எந்த ஃபுட்பால்?

நாம் தெருவில் ஆடும் கால்பந்து இல்லை. ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் அமெரிக்கன் ஃபுட்பால். அங்கே கல்லூரி அணிகளின் ஆட்டம் என்பது நம்ம ஊர் கல்லூரி ஸ்போர்ட்ஸ் டே மாதிரி கிடையாது. மிச்சிகன் பல்கலைக்கழக ஸ்டேடியத்தில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் அதிகமான இருக்கைகள் உள்ளன. டிவி ஒப்பந்தம், ஸ்பான்சர், டிக்கெட் என்று பெரிய பல்கலைக்கழகங்களின் விளையாட்டுத் துறைக்குப் பணம் கொட்டுவது ஃபுட்பாலில்தான். மற்ற பல விளையாட்டுகளின் செலவும் அதிலிருந்துதான் போகிறது.

பெர்க்லியின் மெமோரியல் ஸ்டேடியம் 1923-ல் கட்டப்பட்டது. முதல் உலகப் போரில் உயிரிழந்த கலிஃபோர்னியர்களின் நினைவாக அந்தப் பெயர். மலையடிவாரத்தில், சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாவைப் பார்த்தபடி இருக்கும் அழகான இடம். மேலே ஒரு குன்று உண்டு. டிக்கெட் வாங்காமல் அங்கே உட்கார்ந்து மேட்ச் பார்ப்பது பல தலைமுறை வழக்கம். குன்றின் செல்லப் பெயர் 'டைட்வாட் ஹில்'. தமிழில் சொன்னால், கஞ்சன் குன்று.

நிலப்பிளவு மேல் ஒரு ஸ்டேடியம்

அழகான இடம்தான், ஆனால் ஆபத்தான இடமும் அதுதான். ஹேவர்ட் எனும் நிலப்பிளவு ஸ்டேடியத்துக்கு நேர் கீழே, ஒரு கோல் முனையிலிருந்து மறு முனை வரை ஓடுகிறது. பிளவின் இரு பக்க நிலமும் ஒவ்வொரு வருஷமும் சில மில்லிமீட்டர் எதிரெதிராக நகர்கிறது. கட்டிய நாளிலிருந்து ஸ்டேடியத்தின் இரு பாதிகளும் ஓர் அடிக்கும் மேல் விலகிவிட்டன. இந்தப் பிளவில் கடைசியாகப் பெரிய நிலநடுக்கம் வந்தது 1868-ல்.

நிலநடுக்கம் வந்தால் இந்தக் கட்டடம் தாங்காது என்று 1990-களிலேயே மதிப்பிட்டுவிட்டார்கள். அதனால் ஏதாவது செய்தே ஆக வேண்டிய கட்டாயம் இருந்தது உண்மை.

இங்கேதான் இரண்டாவது காரணம் நுழைகிறது. 2002-ல் வந்த பயிற்சியாளர் ஜெஃப் டெட்ஃபோர்ட், தோற்றுக்கொண்டே இருந்த அணியைத் தூக்கி நிறுத்தினார். மற்ற பல்கலைக்கழகங்கள் அவரைக் கொத்திக்கொண்டு போய்விடுமோ என்ற பயம். நல்ல வசதிகள் இருந்தால்தான் அவரும் தங்குவார், நல்ல வீரர்களும் வருவார்கள் என்ற வாதம் வலுத்தது. பாதுகாப்பு என்ற தேவையும் பந்தயம் என்ற ஆசையும் ஒரே திட்டமாகச் சேர்ந்துவிட்டன.

மரத்தில் ஏறியவர்கள்

முதல் கட்டம், ஸ்டேடியத்தை ஒட்டி வீரர்களுக்கான பயிற்சி மையம். அதற்காக ஓக் மரத் தோப்பு ஒன்றை வெட்ட வேண்டியிருந்தது. 2006 டிசம்பரில் போராட்டக்காரர்கள் மரங்களில் ஏறி உட்கார்ந்தார்கள். இறங்கியது 2008 செப்டம்பரில்! ஒன்றே முக்கால் வருஷம், மாறி மாறி ஆட்கள் மரத்திலேயே வாழ்ந்தார்கள்.

கோர்ட்டிலும் வழக்கு ஓடியது. நிலப்பிளவின் மேல் இருக்கும் கட்டடத்தில் அதன் மதிப்பில் பாதிக்கு மேல் செலவழித்து மாற்றம் செய்யக் கூடாது என்பது கலிஃபோர்னியா சட்டம். 'பயிற்சி மையம் தனிக் கட்டடம், ஸ்டேடியத்தின் பகுதி இல்லை' என்ற பல்கலைக்கழகத்தின் வாதம் எடுபட்டது. மரங்கள் வெட்டப்பட்டன.

பயிற்சி மையம் 2011-ல் தயார். செலவு சுமார் 15 கோடி டாலர். அடுத்து ஸ்டேடியப் புதுப்பிப்பு, சுமார் 32 கோடி டாலர். பிளவுக்கு நேர் மேலே இருக்கும் இருக்கைப் பகுதிகளைத் தனித் துண்டுகளாகப் பிரித்து, நிலம் நகர்ந்தால் அவை தனியாக வழுக்கி நகரும்படி வடிவமைத்தார்கள். பொறியியலைப் பொறுத்தவரை இது பாராட்டப்பட வேண்டிய வேலை. சொதப்பியது நிதிக் கணக்கு.

சீட்டை விற்றுக் கடனை அடைக்கும் திட்டம்

பல்கலைக்கழகங்களில் 'என்டோமென்ட்' என்று ஒரு முறை உண்டு. நன்கொடையாளர்கள் தரும் பெரிய தொகையை முதலீடு செய்து, அதன் வருமானத்தில் ஒரு பணியை என்றென்றும் நடத்துவது. பெர்க்லியின் தமிழ் இருக்கையும் புலம்பெயர் தமிழர்கள் தந்த நன்கொடையில் இப்படி உருவானதுதான்.

இதே யோசனையை ஸ்டேடியத்துக்கும் பயன்படுத்தினார்கள். நல்ல இடத்தில் இருக்கும் சுமார் 3,000 இருக்கைகளை 40, 50 வருஷ உரிமையோடு விற்பது. ஒரு சீட்டின் விலை 40,000 டாலரில் தொடங்கி 2 லட்சம் டாலரைத் தாண்டியது. வரும் பணத்தை முதலீடு செய்தால், அந்த வருமானமே கடனைக் கட்டிவிடும். பேப்பரில் பார்க்கக் கச்சிதமான திட்டம்.

ஆனால், 2008-ல் உலகப் பொருளாதாரம் சரிந்தது. விற்பனை எதிர்பார்த்த வேகத்தில் போகவில்லை. வாங்கியவர்களிலும் பலர் மொத்தமாகப் பணம் கட்டவில்லை, வருஷத் தவணையில்தான் கட்டினார்கள். வேண்டாம் என்றால் நிறுத்திக்கொள்ளவும் வழி இருந்தது. அதாவது, முதலீடு செய்யப் பெரிய தொகை கைக்கு வரவே இல்லை. கடன் மட்டும் உறுதியாக இருந்தது, அதைக் கட்டுவதற்கான வருமானம் 'வந்தால் உண்டு' என்ற நிலை.

நேரமும் மோசம். 2009 நவம்பரில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் மாணவர் கட்டணத்தை 32 சதவீதம் உயர்த்த முடிவெடுத்தது, வளாகங்கள் கொந்தளித்தன. அதே மாதம் பெர்க்லி ஆசிரியர்கள், விளையாட்டுத் துறைக்கு வளாக நிதியைக் கொடுப்பதை நிறுத்தச் சொல்லித் தீர்மானம் போட்டார்கள். 2010-ல் பேஸ்பால் உட்பட ஐந்து விளையாட்டு அணிகளைக் குறைப்பதாக அறிவிப்பு வந்தது. பிறகு ஆதரவாளர்கள் நன்கொடை திரட்டி அவற்றைக் காப்பாற்றினார்கள் என்பது வேறு கதை.

ஆட்டமும் கைவிட்டது

2012 செப்டம்பர் 1, புது ஸ்டேடியத்தில் முதல் ஆட்டம். நெவாடா அணியிடம் பெர்க்லி 24-31 என்று தோற்றது. அந்த சீசனில் 12 ஆட்டங்களில் 3 வெற்றிதான். யாரைத் தக்கவைக்க இத்தனை பாடுபட்டார்களோ, அந்த டெட்ஃபோர்ட் சீசன் முடிந்ததும் நீக்கப்பட்டார். அடுத்த சீசனில் ஒரே ஒரு வெற்றி. தோற்கும் அணிக்கு லட்சம் டாலர் கொடுத்து 50 வருஷத்துக்கு சீட் வாங்க யார் வரிசையில் நிற்பார்கள்?

மைதானத்தின் பெயரையாவது விற்போம் என்று பார்த்தார்கள். 2013-ல் கபாம் என்ற வீடியோ கேம் நிறுவனம் 15 வருஷத்துக்கு 1.8 கோடி டாலர் தருவதாக ஒப்பந்தம் போட்டது. அது பாதியிலேயே முடிந்தது. 2021-ல் கிரிப்டோ நிறுவனமான எஃப்டிஎக்ஸ் 10 வருஷத்துக்கு 1.75 கோடி டாலர் என்று வந்தது. 2022 நவம்பரில் அந்த நிறுவனமே திவாலானது.

கடன் அட்டவணை எப்படி இருக்கிறது?

முதலில் போட்ட அட்டவணைப்படி, 2032 வரை வட்டி மட்டும்: வருஷத்துக்குச் சுமார் 1.8 கோடி டாலர். அதுவரை அசலில் ஒரு டாலர்கூடக் குறையாது. 2032-ல் அசலும் சேரும்போது தவணை 2.6 கோடி டாலராக ஏறி, உச்சத்தில் 3.7 கோடியைத் தொடும். பிறகு குறைந்து, 2113 வரை இழுக்கும்.

விளையாட்டுத் துறையால் இதைத் தாங்க முடியவில்லை. 2016 நிதியாண்டில் மட்டும் அதன் பற்றாக்குறை சுமார் 2.2 கோடி டாலர். 2018-ல், ஸ்டேடியக் கடனில் பாதிக்கும் மேல் இனி வளாகத்தின் மத்திய நிர்வாகமே ஏற்கும் என்று அப்போதைய சான்சலர் கேரல் கிறைஸ்ட் அறிவித்தார். 'அது நிலநடுக்கப் பாதுகாப்புக்கு ஆன செலவு, மற்ற கட்டடங்களுக்கு வளாகம் செய்வதைத்தான் இதற்கும் செய்கிறோம்' என்பது விளக்கம்.

இதில் நியாயம் இல்லாமல் இல்லை. வகுப்பறைக் கட்டடத்தைப் பலப்படுத்தும் செலவை அந்தத் துறையின் தலையில் யாரும் கட்டுவதில்லை. ஆனால் திட்டம் தொடங்கும்போது சொன்ன வாக்குறுதி வேறு: 'விளையாட்டுத் துறை தன் சொந்த வருமானத்திலேயே கட்டிவிடும்.' எந்தக் கணக்கில் எழுதினாலும் பணம் போவது அதே பல்கலைக்கழகத்தின் பையிலிருந்துதான்.

எல்லோரும் ஏன் இப்படிக் கட்டினார்கள்?

பெர்க்லி மட்டும் ஏமாளி என்று நினைத்தால் தப்பு. அமெரிக்காவில் கல்லூரி வீரர்களுக்குச் சம்பளம் கொடுப்பது பல தலைமுறைகளாகத் தடைசெய்யப்பட்டிருந்தது. ஸ்காலர்ஷிப் கொடுக்கலாம், அதற்கு மேல் பணமாகக் கொடுக்க முடியாது. டிவி பணமோ கொட்டியது. எங்கே செலவழிப்பது? பயிற்சியாளர் சம்பளத்திலும் கட்டடங்களிலும்.

17, 18 வயதுப் பையனை இழுக்க செக் கொடுக்க முடியாது. ஆனால் அவன் வாயைப் பிளக்கும்படி ஒரு டிரெஸ்ஸிங் ரூமைக் காட்டலாம். கிளெம்சன் பல்கலைக்கழகம் 2017-ல் 5.5 கோடி டாலரில் திறந்த ஃபுட்பால் மையத்தில் சறுக்கு மரம், பௌலிங், மினி கோல்ஃப், முடிதிருத்தும் இடம் எல்லாம் இருக்கின்றன. ஓரிகனில் நைக்கி நிறுவனர் ஃபில் நைட்டின் பணத்தில் எழுந்த மையம் இன்னும் ஆடம்பரம். ஒருவர் கட்டினால் பக்கத்து ஊர்க்காரரும் கட்டியே ஆக வேண்டும். கட்டாவிட்டால் வீரர் அங்கே போய்விடுவார். சுருக்கமாகச் சொன்னால், வீரர்களுக்குக் கொடுக்க முடியாத சம்பளம்தான் செங்கல்லாகவும் கண்ணாடியாகவும் மாறியது.

2025-ல் என்ன மாறியது?

அந்தத் தடை உடைந்துவிட்டது. 2021 முதல் வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம் என்றானது. 2025 ஜூனில் ஃபெடரல் நீதிபதி கிளாடியா வில்கன் ஒரு சமரச ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் கொடுத்தார். அதன்படி பல்கலைக்கழகங்களே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். 2025-26-ல் ஒரு பல்கலைக்கழகத்துக்கான உச்சவரம்பு சுமார் 2.05 கோடி டாலர். முன்னாள் வீரர்களுக்கு 10 வருஷத்தில் 280 கோடி டாலர் பாக்கியும் உண்டு.

இப்போது இரண்டு எண்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வீரர்களுக்குக் கொடுக்கும் உச்சவரம்பு 2.05 கோடி. பெர்க்லி கடனுக்கு முதல் அட்டவணைப்படி வருஷ வட்டி 1.8 கோடி. வீரர்களுக்குப் பணம் கொடுக்க முடியாத காலத்தில், அவர்களை இழுக்க வாங்கிய கடனுக்கு, ஏறக்குறைய அவர்களுக்குக் கொடுக்கக்கூடிய அதே அளவு பணம் வட்டியாகப் போகிறது.

வருமானப் பக்கமும் இறங்குமுகம். பெர்க்லி இருந்த பசிஃபிக் கரை லீக் 2023-ல் சிதறியது. வேறு வழியில்லாமல் 2024-ல் ஏசிசி லீக்கில் சேர்ந்தது. பெயரே அட்லாண்டிக் கரை! அங்கே முதல் ஏழு வருஷம் டிவி பணத்தில் முழுப் பங்கு கிடையாது, சுமார் 30 சதவீதம்தான். அணி முன்னாடியே வேறு லீக்குக்குப் போனதால் ஏற்பட்ட இழப்பை ஈடுகட்ட, சகோதர வளாகமான லாஸ் ஏஞ்சலிஸ் மூன்று வருஷத்துக்கு வருஷம் 1 கோடி டாலர் தர வேண்டும் என்று பல்கலைக்கழக நிர்வாகக் குழு முடிவு செய்தது.

அப்போ கட்டியதே தப்பா?

முழுசாக அப்படிச் சொல்ல முடியாது. ஆபத்தான கட்டடத்தில் ஆயிரக்கணக்கானவர்களை உட்கார வைப்பது அதைவிடப் பெரிய தப்பாக இருந்திருக்கும். ஃபுட்பால் மட்டுமில்லாமல் பத்துக்கும் மேற்பட்ட விளையாட்டுகளின் வீரர்கள் அந்தப் பயிற்சி மையத்தைப் பயன்படுத்துகிறார்கள். பந்தயமும் இன்னும் ஓயவில்லை. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் பழைய ஸ்டேடியத்தை இடித்துவிட்டு சுமார் 85 கோடி டாலர் திட்டத்தில் இறங்கியது. ஆனால் அது தனியார் பல்கலைக்கழகம், பின்னால் ரயன் குடும்பத்தின் பெரிய நன்கொடை இருக்கிறது. பெர்க்லி அரசுப் பல்கலைக்கழகம், பின்னால் இருந்தது ஒரு எதிர்பார்ப்பு மட்டும்தான்.

தப்பு நடந்தது, பாதுகாப்புச் செலவையும் பந்தயச் செலவையும் ஒரே பில்லில் சேர்த்த இடத்தில். முதலாவதை யாரும் மறுக்க முடியாது என்பதால் இரண்டாவதை யாரும் தனியாகக் கேள்வி கேட்கவில்லை. அணி ஜெயிக்கும், சந்தை ஏறும், ரசிகர்கள் 50 வருஷம் பணம் கட்டுவார்கள் என்ற மூன்று அனுமானங்களின் மேல் நூறு வருஷக் கடன் எழுதப்பட்டது.

அடுத்து கவனிக்க வேண்டிய ஆண்டு 2032. அசல் தவணை அப்போதுதான் தொடங்குகிறது. அந்த வருஷம் பெர்க்லியில் முதலாண்டு சேரப்போகும் மாணவர்கள் இப்போது நடுநிலைப் பள்ளி வயதில் இருக்கிறார்கள். கடன் வாங்கும்போது அவர்கள் பிறந்திருக்கவே இல்லை.