பெயரைப் பூட்டி வைக்க யாருக்கும் உரிமையில்லை

ஸ்ரீபெரும்புதூரை அடுத்த சுங்குவார்சத்திரத்தில் ஃப்ரிட்ஜும் டிவியும் வாஷிங் மெஷினும் தயாரிக்கும் சாம்சங் தொழிலாளர்கள், 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலியும் வேலை நேரமும் கோரிக்கைகளில் இருந்தன. ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் நின்றது சங்கப் பதிவு. சிஐடியு தொழிற்சங்க அமைப்பின் ஆதரவோடு தொடங்கிய சங்கத்தின் பெயரில் ‘சாம்சங்’ என்ற சொல் வரக் கூடாது, அது தன் வணிகச் சின்னம் என்று நிர்வாகம் ஆட்சேபித்தது. விண்ணப்பம் கிடப்பில் கிடந்தது. சங்கம் சென்னை உயர் நீதிமன்றத்தின் கதவைத் தட்ட வேண்டியதாயிற்று. பதிவு கிடைத்தது 2025 ஜனவரி 27 அன்று.

இந்தத் தாமதம் அநீதி. அப்போது நடப்பில் இருந்த தொழிற்சங்கச் சட்டம், 1926 பெயர் விஷயத்தில் பதிவாளரைப் பார்க்கச் சொன்னது ஒன்றைத்தான்: ஏற்கெனவே பதிவான வேறொரு சங்கத்தின் பெயரோடு குழப்பம் வருமா? முதலாளியின் சம்மதத்தைக் கேட்கும்படி அது சொல்லவில்லை. சற்றுத் தள்ளி இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தொழிலாளர் சங்கம் ஹூண்டாய் பெயரோடுதான் இயங்கியது. பல ஆண்டுகளாக ஓர் ஆலையில் உழைப்பவர், ‘நான் இந்த ஆலைத் தொழிலாளி’ என்று சொல்லிக்கொள்ள அந்த ஆலையின் அனுமதி எதற்கு? அவர் அந்தப் பெயரில் ஃப்ரிட்ஜ் விற்கப் போவதில்லை.

உலகளவில் இதே சண்டை இணையத்தின் டொமைன் பெயர்களுக்காக நடக்கிறது. நாம் தட்டும் முகவரிக்குரிய எண்ணைக் கண்டுபிடித்துத் தரும் ஏற்பாட்டின் உச்சியில் ஒரு மூலப் பட்டியல் இருக்கிறது. அதை நிர்வகிப்பது, 1998இல் கலிபோர்னியாவில் தொடங்கப்பட்ட ஐகேன் என்ற லாப நோக்கற்ற நிறுவனம். அமெரிக்க வணிகத் துறையின் மேற்பார்வை 2016 அக்டோபர் 1 அன்றுதான் முடிந்தது. அதற்கு முன்பே, 2011இல், 50 நாடுகள் அடங்கிய ஐநா குழுவிடம் இணைய விவகாரங்களை ஒப்படைக்க வேண்டும் என்று இந்தியா ஐநா பொதுச் சபையில் கேட்டது. 2015இல் நிலையை மாற்றிக்கொண்டு, அரசுகள், நிறுவனங்கள், பயனாளர்கள் எல்லோரும் கூடி முடிவெடுக்கும் முறையை ஆதரித்தது.

அந்த முறை எப்படி நடக்கிறது என்பதற்கு அமேசான் வழக்கு சாட்சி. ‘டாட் அமேசான்’ என்ற முகவரி முடிவு தனக்கு வேண்டும் என்று அந்த நிறுவனம் 2012இல் கேட்டது. அந்தச் சுற்றில் விண்ணப்பக் கட்டணமே 1,85,000 டாலர். பிரேசிலும் பெருவும் எதிர்த்தன. அமேசான் படுகை நாடுகள் எட்டும் தங்கள் ஆற்றின் பெயர் என்று வாதாடின. 2014இல் ஐகேன் மறுத்தது. நிறுவனம் முறையீட்டில் வென்றது. 2019இல் ஐகேன் இசைந்தது. அந்த ஆற்றங்கரையில் வாழும் மக்களுக்கு அந்தப் பெயர்மீது ஒரு கடையைவிடக் குறைந்த உரிமைதான் உண்டு என்று தீர்ப்பாயிற்று. இதை நாம் ஏற்க மாட்டோம்.

அதற்காக அரசுகளிடம் அந்த மூலப் பட்டியலைத் தூக்கிக் கொடுத்தால் போதும் என்பாரையும் நாம் நம்பவில்லை. சுங்குவார்சத்திரத்துச் சங்கத்தின் விண்ணப்பம் அரசின் மேசையில்தான் கிடந்தது! முதலீடு போய்விடுமோ என்று அஞ்சும் அரசும், வழக்குக்கு அஞ்சும் ஐகேனும் ஒரே பக்கமாகத்தான் சாய்கின்றன.

ஐகேன் 1999இல் கொண்டுவந்த டொமைன் பெயர்த் தகராறு விதியைப் பாருங்கள். ஒரு தொழிலாளர் குழு, ஆலையின் பெயர் கலந்த டொமைன் ஒன்றை வாங்கித் தன் குறைகளை எழுதுகிறது என்று வைத்துக்கொள்வோம். டாட் காமில் வாங்கியிருந்தால், நிறுவனம் புகார் தொடுத்த பின் பதில் தர 20 நாள்தான் அவகாசம். அதையும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். நிறுவனத்தை விமர்சிக்க அதன் பெயரையே டொமைனாக வைத்துக்கொள்ளலாமா என்பதில் நடுவர்களே ஒத்த கருத்தில் இல்லை. இல்லாதவருக்கு 20 நாள் கெடு வைக்கத் தெரிந்த உலகம், சங்கப் பதிவுக்கு மட்டும் மாதக்கணக்கில் காத்திருக்கச் சொல்கிறது.

ஆகவே நாம் கேட்பது இது. சங்கப் பெயரில் ஆட்சேபம் உள்ள நிறுவனம் நீதிமன்றம் போகட்டும். அதற்காகப் பதிவு நிற்கக் கூடாது. மறுப்பதானால் பதிவாளர் 45 நாளுக்குள் காரணத்தோடு எழுத்தில் மறுக்க வேண்டும். டாட் இன், டாட் இந்தியா பெயர்களைக் கவனிக்கும் நிக்ஸி அமைப்பு, தகராறில் சிக்கியவர் தமிழில் பதில் எழுத இடம் தர வேண்டும். விமர்சனத்துக்காகவும் சங்கப் பணிக்காகவும் ஒரு நிறுவனத்தின் பெயரைப் பயன்படுத்துவது குற்றமல்ல என்று விதியிலேயே எழுத வேண்டும். இனி ஐகேன் கூட்டங்களுக்கு இந்தியா அனுப்பும் குழுவில், அதிகாரிகளுக்கும் நிறுவனத்தாருக்கும் பக்கத்தில், இந்த ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்துத் தொழிற்சங்கங்களின் பிரதிநிதி ஒருவருக்கும் நாற்காலி போட வேண்டும்.