ராஜபாளையம் நாய்க்கு முதலில் காது கேட்க வேண்டும்

“கூப்பிட்டா திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேங்குது டாக்டரம்மா, ரொம்பத் திமிரு.” ராஜபாளையம் குட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் பலரும் இதைச் சொல்லித்தான் மேசையில் இறக்கிவிடுகிறார்கள். பால் வெள்ளை, ரோஸ் மூக்கு, நீளக் கால்கள். கை தட்டினால் காற்று அசைவதை வைத்தே குட்டி திரும்பிவிடும் என்பதால், அதன் கண்ணில் படாமல் சற்றுத் தள்ளி நின்று சாவிக்கொத்தைக் குலுக்குவேன். சில குட்டிகளுக்குக் காது மடல்கூட அசையாது. திமிரெல்லாம் ஒன்றுமில்லை, பாவம், அதற்குக் கேட்கவில்லை.

விருதுநகர் மாவட்டத்துக் கால்நடை மருத்துவருக்கு இது பழகிப்போன காட்சி. ஆனால் பழகிவிட்டது என்று விட்டுவிட எனக்கு மனமில்லை. இந்தச் செவிட்டுத்தனம் எங்கிருந்தோ வந்து தொற்றிய நோய் இல்லை. எந்த ஆணை எந்தப் பெட்டையோடு சேர்ப்பது என்று முடிவெடுத்த மனிதர்கள், நிறத்தைப் பார்த்து முடிவெடுத்ததால் வந்தது.

தோலுக்கும் முடிக்கும் நிறம் தரும் நிறமிச் செல்கள் உள்காதிலும் உண்டு. அங்கே நிறம் கொடுப்பது அவற்றின் வேலையில்லை. ஒலியை உணரும் செல்களைச் சுற்றியுள்ள திரவத்தின் உப்புச் சமநிலையைக் காப்பதுதான் வேலை. உடம்பு முழுக்க வெள்ளையாக வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கினால், சில குட்டிகளின் உள்காதிலும் அந்தச் செல்கள் இல்லாமல் போகின்றன. பிறந்த சில வாரங்களிலேயே கேட்கும் செல்கள் அழிந்துவிடும். அதற்குப் பிறகு மருந்தில்லை.

ராஜபாளையம் நாய் காட்டுப்பன்றி வேட்டைக்குப் போன காலத்திலும் வெள்ளை நாய்க்கு மவுசு இருந்திருக்கும். ஆனால் அப்போது காடும் சேர்ந்து தேர்வு செய்தது. பின்னால் வரும் பன்றியின் சத்தம் கேட்காத நாய் அடுத்த ஈத்துக்குத் தகப்பனாக ஊர் திரும்புவது கடினம். இன்று பங்களா வாசலிலும் கைபேசிப் படத்திலும் அழகாக நின்றால் போதும் என்றாகிவிட்டது. இங்கிலாந்தில் இதே கதை நமக்கு முன்பே நடந்தது. 1835-ல் காளையோடு நாயை மோதவிடும் விளையாட்டைத் தடை செய்தார்கள். வேலை போன புல்டாக், பிறகு கண்காட்சி மேடைக்கு ஏறியது. முகம் தட்டையாகி, தலை பெருத்து, இன்று பெரும்பாலான புல்டாக் குட்டிகள் சிசேரியனில்தான் பிறக்கின்றன. 1873-ல் லண்டனில் கென்னல் கிளப் தோன்றிய பிறகு இனப் பதிவேடுகள் வந்தன. பதிவேட்டில் இல்லாத ரத்தம் உள்ளே வரக் கூடாது என்ற வழக்கமும் இறுகியது.

அந்தப் பிடிவாதத்துக்குப் புள்ளி போட்ட டால்மேஷியன் நாய் கொடுத்த விலை நமக்குப் பாடமாக வேண்டும். மற்ற பெரும்பாலான நாய்களின் கல்லீரல் யூரிக் அமிலத்தை எளிதில் கரையும் பொருளாக மாற்றிவிடும். டால்மேஷியனுக்கு மரபணுப் பிழையால் அது முடியாது. அமிலம் சிறுநீரில் இறங்கிக் கல்லாகும். ஆண் நாய்க்குச் சிறுநீர்ப் பாதை அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. இனம் முழுக்க இந்தப் பிழை நிலைத்துவிட்டதால், உள்ளுக்குள்ளேயே இணை சேர்த்துத் தப்பிக்க வழியில்லை. 1973-ல் அமெரிக்க மரபியலாளர் ராபர்ட் ஷைபிள் ஒரே ஒருமுறை பாயின்டர் இன நாயோடு கிராஸ் போட்டார். அதன் வாரிசுகளில் பிழையில்லாதவற்றை மட்டும் திரும்பத் திரும்ப டால்மேஷியனோடு சேர்த்தார். ஒவ்வொரு தலைமுறையிலும் பாயின்டர் பங்கு பாதியாகும். பத்தாவது தலைமுறையில் அது ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. புள்ளியும் இருந்தது, கல்லும் இல்லை. ஆனாலும் அந்த வாரிசுகளை அமெரிக்க கென்னல் கிளப் முழுமையாக ஏற்க 2011 ஆனது. முப்பத்தெட்டு ஆண்டுகள்! அந்த இடைவெளியில் வலியில் துடித்த நாய்களை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

டால்மேஷியனிடம் இன்னொரு பாடமும் உண்டு. அமெரிக்காவில் சோதித்ததில் சுமார் 8 சதவீதத்துக்கு இரண்டு காதும் கேட்கவில்லை, 22 சதவீதத்துக்கு ஒரு காது மட்டும் கேட்கவில்லை. இந்த இரண்டாவது கூட்டம்தான் நம் கண்ணிலிருந்து தப்பிவிடுவது. ஒரு காது கேட்கும் நாய் கூப்பிட்டால் ஓடிவரும், பரிசு வாங்கும், இணை சேர்க்கவும் அழைக்கப்படும். சாவிக்கொத்து அதைக் காட்டிக்கொடுக்காது. பச்சிளங் குழந்தைகளுக்கு மருத்துவமனைகளில் செய்யும் ‘பெரா’ சோதனை காட்டிக்கொடுக்கும். நாய்க்கும் அதே முறைதான்.

2005-ல் அஞ்சல் தலையில் ராஜபாளையம் வந்தது. 2020-ல் பிரதமர் வானொலி உரையில் நாட்டு நாய்களை வளர்க்கச் சொன்னார். ஆர்வம் பெருகியிருப்பதில் எனக்கு மகிழ்ச்சிதான், நாட்டு நாய் அழிந்துவிடக் கூடாது. ஆனால் தேவை கூடும்போது, பேர்பெற்ற ஒன்றிரண்டு வெள்ளை ஆண்களையே ஊரெல்லாம் இணைக்கு அழைக்கிறார்கள். அண்ணன் தங்கை, அப்பா மகள் என்று பார்ப்பதில்லை.

“வெள்ளை இல்லாட்டி அது ராஜபாளையமே இல்லையே” என்று வளர்ப்பவர்கள் என்னிடம் வாதிடுகிறார்கள். அந்த ஓட்டம், அந்தக் காவல் புத்தி, வீட்டாரிடம் ஒட்டிக்கொண்டு அந்நியரை அண்டவிடாத குணம் இவையெல்லாம் முடியின் நிறத்திலா இருக்கின்றன? ஒரே ஈத்தில் பழுப்போ கறுப்போ கலந்து பிறக்கும் குட்டியை வேண்டாம் என்று ஒதுக்குகிறோமே, அந்தக் குட்டியின் உள்காதில்தான் நமக்குத் தேவையான நிறமிச் செல்கள் இருக்க வாய்ப்பு அதிகம்.

எனவே நம் நாட்டுக் கென்னல் கிளப்பும் அரசுப் பண்ணைகளும் நிறமுள்ள குட்டிகளையும் ராஜபாளையம் என்றே பதிய வேண்டும். இரண்டு காதும் கேட்கிறது என்ற சான்று இல்லாத நாயை இணை சேர்க்க விடக் கூடாது. குட்டி வாங்கப் போகிறவர்கள் மூக்கு ரோஸாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன், தாயும் தகப்பனும் எந்த வழி, அவற்றின் காதைச் சோதித்த சீட்டு எங்கே என்று கேளுங்கள். சீட்டைக் காட்டாதவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.