கேப்டனை மாற்றுவதற்கு முன்னால்



அமெரிக்காவில் கல்லூரி பேஸ்பால் அணியில் ஆடும் என் பேரன் நேற்று போனில் நொந்துபோய்ப் பேசினான். தொடர் தோல்வி. கேப்டனை மாற்றச் சொல்லிப் பாதிப் பேர் கிளம்பியிருக்கிறார்களாம். "நீங்க என்ன சொல்றீங்க தாத்தா?" என்றான். பேஸ்பால் அவன் எனக்குச் சொல்லிக்கொடுத்த ஆட்டம்தான். ஆனால் இந்தக் கேள்வி எனக்குப் பழையது.

மாற்றக்கூடாது என்றேன். 2022-இல் மிசிசிப்பி பல்கலைக்கழக அணி சீசன் தொடக்கத்தில் தேசியத் தரவரிசையில் முதலிடம் வரை போனது. பிறகு சரிந்து, லீக்கில் 7 வெற்றி, 14 தோல்வி என்று நின்றது. பயிற்சியாளர் மைக் பியான்கோவை வீட்டுக்கு அனுப்பச் சொல்லி ரசிகர்கள் கூச்சல். அங்கே அடிக்கிறவர்களுக்குப் பஞ்சமில்லை. ஆட்டத்தைத் தொடங்கிவைத்துத் தாக்குப்பிடிக்கிற பிட்சர்கள்தான் இல்லை. பந்தியில் நாலு பாயசம் இருந்து சோறு இல்லாத கதை! முதலில் அந்தப் பொறுப்பில் இல்லாத டிலன் டிலூசியாவையும், முதலாண்டு மாணவர் ஹன்டர் எலியட்டையும் அங்கே கொண்டுவந்தார்கள். கேப்டன் டிம் எல்கோ கேப்டனாகவே இருந்தார். 64 அணிகள் ஆடும் தேசியப் போட்டிக்குள் கடைசி ஆளாக நுழைந்து, ஒமாஹாவில் பட்டத்தையே வென்றார்கள்.

எல்லா அணிக்கும் இப்படி நடக்காது, தெரியும். ஆனால் தோற்கிற நேரத்தில் கேப்டனை மாற்றுவது சுலபம். அதனால்தான் அதை முதலில் செய்கிறோம். நானும் செய்திருக்கிறேன். ஒரு வருடம் பள்ளிக் கபடி அணி என் பொறுப்பில் இருந்தது. மூன்று ஆட்டம் தோற்றதும் கேப்டனை மாற்றினேன். ரைடு போக எல்லாரும் தயார், பிடிக்க ஆளில்லை. அதைக் கவனிக்கவே இல்லை நான். மாற்றிய பிறகும் தோற்றோம். அந்தப் பையன் அப்புறம் கபடிப் பக்கமே வரவில்லை. அவன் இதைப் படிப்பான் என்று நினைக்கிறேன். தப்பு என்னுடையது தம்பி, அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும்.

பேரனின் அணியிலும் அதே கோளாறுதான். பேட்டிங் வரிசையில் முதல் ஐந்து பேரும் ஹோம் ரன் ஆசைக்காரர்கள். பொறுமையாக நின்று முதல் பேஸுக்குப் போக ஆளில்லை. இவனும் அந்த ஐவரில் ஒருவன். "கோச்சிடம் போய், என்னை ஏழாவதாக இறக்குங்கள் என்று நீயே கேளேன்" என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "யோசிக்கிறேன் தாத்தா" என்று வைத்துவிட்டான்.